என்ன வகுப்பு, தம்பி?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வேலூர் வெயிலில் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். நான் கிளம்பினேன். காரணம், அக்கா மகனின் போன்.

"மாமா, உடனே லாங் பஜாருக்கு வா. தமிழ்ல பன்னண்டு பேரு வேணும்."

"யாருக்குடா குழந்தை? பன்னண்டா?"

"வா மாமா, சொல்றேன்."

அவனுக்கு லாங் பஜாரில் மளிகை மொத்த வியாபாரம். கடை மாடியில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேப்பர், பென்சில், தேங்காய் பன், விதவிதமான பகடைகள். சீட்டாட்டம் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனேன். "அதெல்லாம் இல்ல சார், உக்காருங்க" என்றார்கள்.

நாலு பேரும் தங்கள் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இன்னும் வீட்டில் சொல்லவில்லையாம். ஆகவே தொழிலை வைத்தே கூப்பிடுகிறேன்: கடைக்காரன் (அக்கா மகன்), பேங்க் தம்பி, லேப் தம்பி, ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஷூ கம்பெனி தம்பி. ஆளைத் தொழிலால் கூப்பிடுவதில் எவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் உறைத்தது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் பிறந்தது. போர்டு, காய் இல்லாமலே ஆடலாம். ஒருவன் கதை சொல்லுவான். "எதிரே குகை. உள்ள என்னமோ உறுமுது. இன்னா பண்ணப் போறீங்க?" மற்றவர்கள் தங்கள் பாத்திரமாகவே மாறிப் பதில் சொல்ல வேண்டும். "நான் கத்திய உருவறேன்." "நான் உருவல, நான் ஓடறேன்." நினைத்தது நடக்குமா என்பதை 20 முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். தாயக்கட்டையை உருட்டி வளர்ந்த எனக்கு 20 முகம் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு. சண்டை போடுகிறவன், மந்திரம் போடுகிறவன், காயத்துக்கு வைத்தியம் பார்க்கிறவன், பூட்டைத் திறக்கிறவன் என்று. 2024-ல் வந்த புத்தகத்தின்படி மொத்தம் 12. இந்த 12-க்கும் தமிழ்ப் பெயர் வைத்து விளையாட வேண்டும் என்பது இவர்கள் திட்டம். அதற்காக அக்கா மகன் பாத்திரப் படிவத்தைத் தமிழில் பெயர்த்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன்.

பெயர். இனம். வகுப்பு. நிலை. பூர்வீகம்.

"ஏண்டா, தாசில்தார் கையெழுத்து எங்க போடுவாரு?"

நாலு பேரும் ஒருமுறை படிவத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். ஷூ கம்பெனி தம்பி மட்டும் கொஞ்சம் கம்மியாகச் சிரித்தார்.

தமிழில் இந்த 'வகுப்பு' ஒரு பொல்லாத வார்த்தை. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. சர்டிபிகேட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பேப்பரில் வகுப்புக் கலவரம். 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த அரசாணைக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்று பெயர். 'என்ன வகுப்பு, தம்பி?' என்று ரயிலில் ஒருவர் கேட்டால், பையனின் வயசைப் பொறுத்து அர்த்தம் மாறும். பத்து வயசுப் பையன் 'அஞ்சாவது' என்பான். இருபத்தைந்து வயசுப் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

அமெரிக்காக்காரர்களுக்கும் இதே தலைவலி, வேறு கட்டத்தில். எல்ஃப், குள்ளர் என்று பாத்திரங்களின் பிறப்பைச் சொல்லும் கட்டத்துக்கு ஐம்பது வருஷமாக 'ரேஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வார்த்தைக்கு அவர்கள் ஊரில் உள்ள சரித்திரம் தெரிந்ததுதானே. 2024 புத்தகத்தில் அதை எடுத்துவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று போட்டுவிட்டார்கள். ஆனால் 'கிளாஸ்' என்ற வார்த்தையை யாரும் தொடவில்லை. அங்கே அது தொழிற்பெயர். ஆட்டம் தொடங்கும்போது நீங்களாகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தில் வேறு.

இந்தப் பெயர்களை முதலில் வைத்தவர்களில் முக்கியமானவர் கேரி கைகாக்ஸ். டேவ் ஆர்னசன் என்பவருடன் சேர்ந்து உருவாக்கினார். கைகாக்ஸ் கதை நம் ஆபீஸ் நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். 1970-ல் வேலை போயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள். என்ன செய்தார் தெரியுமா? வீட்டு நிலவறையில் மெஷினைப் போட்டு, ஊர்க்காரர்களின் பிய்ந்த ஷூக்களைத் தைத்துக் கொடுத்தார். பகலில் ஷூ, ராத்திரியில் டிராகன். 1973-ல் ஒரு நண்பருடன் சேர்ந்து சின்னதாகக் கம்பெனி. 1974 ஜனவரியில் முதல் பதிப்பு 1,000 பிரதி. அதன் பிறகும் கம்பெனி சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வளரும் வரை ஷூ தைப்பதை விடவில்லை.

"செருப்பு தெச்சவரா?" என்றார் ஷூ கம்பெனி தம்பி, நிமிர்ந்து உட்கார்ந்து.

"ஆமா."

"அதுக்கு முன்னாடி ஆபீசரு?"

"ஆமா."

"அதுக்கப்புறம் மொதலாளி?"

"ஆமாம்பா."

அவர் பேசாமல் ஒரு தேங்காய் பன் எடுத்துக்கொண்டார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலும் ஷூவுமாக வாழ்கிற பகுதி இது. இங்கே தோல் வியாபாரிக்கு ஒரு மரியாதை, ஷூ கம்பெனி மானேஜருக்கு ஒரு மரியாதை. தெருவோரம் உட்கார்ந்து ஊசி பிடிக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. ஒரே ஆள், ஒரே ஜென்மத்தில், இந்த மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது இங்கே சுலபமாக நடக்கிற காரியமில்லை.

சரி, பெயருக்கு வருவோம்.

1974-ல் மூன்றே வகை: சண்டைக்காரர், மந்திரத்தை உபயோகிப்பவர், மதகுரு. மந்திரத்தை உபயோகிப்பவர்! மேஜிக் யூசர். மின்சார வாரியம் 'மின் நுகர்வோர்' என்கிற மாதிரி 'மந்திர நுகர்வோர்'. ரீடிங் எடுக்க மாசா மாசம் ஆள் வருவானோ என்னவோ. 1989-ல்தான் அந்தப் பெயர் போயிற்று. பையன்கள் இதற்கு 'சித்தர்' என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டார்கள். மலை, மூலிகை, ரசவாதம், கூடு விட்டுக் கூடு பாய்தல் எல்லாம் தயாராக இருக்கிறது. யாரும் மனம் புண்படப் போவதில்லை. இரண்டே நிமிஷம்.

இரண்டாவதில் மாட்டிக்கொண்டோம். மதகுருவுக்கு ஆங்கிலத்தில் 'கிளெரிக்'. காயம் ஆற்றுகிறவர் அவர்தான். 'பூசாரி' என்றான் கடைக்காரன். 'குருக்கள்' என்றார் பேங்க் தம்பி. 'அப்ப பாதிரியார், இமாம்?' என்றார் லேப் தம்பி. மூன்று பேரும் ஒரே சமயத்தில் அடுத்தவர் சட்டைப் பித்தானைப் பார்த்தார்கள். பேச்சை மாற்றுவதற்காக நான் ஒரு விஷயம் சொன்னேன். கிளெரிக்கும் நம்ம ஆபீஸ் கிளார்க்கும் ஒரே வார்த்தைதான். லத்தீன் 'கிளெரிக்கஸ்' இரண்டுக்கும் தாய். அந்தக் கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் என்பதால், எழுதுகிறவன் எல்லாம் கிளார்க் ஆகிவிட்டான். எனவே அடுத்த முறை மேலதிகாரி 'நீ என்ன, வெறும் கிளார்க்தானே' என்றால், தாராளமாகக் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணலாம். இங்கிரிமென்ட் பற்றி நான் பொறுப்பல்ல.

"வைத்தியம் பண்றவர்தானே? மருத்துவர்னு வெச்சிடலாமே" என்றார் பேங்க் தம்பி.

"அதுவும் ஒரு சமூகத்தோட பேருதான், ப்ரோ" என்றார் லேப் தம்பி. உண்மை. தமிழ்நாட்டில் முடி திருத்துவதும் வைத்தியமும் பல தலைமுறையாக ஒரே குடும்பங்களிடம் இருந்தன. பிரசவம் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண்கள்தான். மருத்துவர் என்பது அவர்கள் பெயர். கத்தியும் கத்தரியும் ஒரே பெட்டியில் இருந்தன. பிற்பாடு ஒன்றுக்கு ஸ்டெதஸ்கோப்பும் மரியாதையும் வந்து சேர்ந்தன. இன்னொன்றுக்கு வேறு விதமான பார்வை வந்து சேர்ந்தது.

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் வேலூர் சி.எம்.சி. அந்த ஊர்க்காரர் ஆயிற்றே லேப் தம்பி, அவரே தீர்ப்பும் சொன்னார்: "காம்பவுண்டர்னு போடுங்க. காம்பவுண்டருக்கு எந்தச் சாதியும் கிடையாது." போட்டாயிற்று. நாளைக்கு எந்த டிராகன் கடித்தாலும் லாங் பஜார் கோஷ்டியில் முதலுதவி செய்யப் போவது காம்பவுண்டர்.

இந்த இடத்தில் உத்தியோக நண்பர்களுக்காக ஒரு குட்டித் தகவல். அந்தக் காலப் புத்தகங்களில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பட்டம் இருந்தது. சண்டைக்காரர் முதல் படியில், அதாவது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, 'வெட்டரன்', பழுத்த அனுபவசாலி! எட்டாம் படியில் 'சூப்பர் ஹீரோ'. ஒன்பதில் 'லார்ட்'. மதகுருவுக்கு பிஷப் பதவிக்கு அடுத்த பிரமோஷன் என்ன தெரியுமா? லாமா! ரோமாபுரியிலிருந்து லாசாவுக்கு நேரடி டிரான்ஸ்பர். சம்பளம் ஏறாமல் டெசிக்னேஷன் மட்டும் ஏறுகிற கம்பெனிகளில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பரிச்சயமானதாக இருக்கும்.

நாலாவது வகை 1975-ல் வந்தது. திருடன். சும்மா பளிச்சென்று 'தீஃப்'. பூட்டைத் திறப்பது, பொறியைக் கண்டுபிடிப்பது, சத்தமில்லாமல் நடப்பது எல்லாம் இவன் வேலை. ஆனால் பெயர் திருடன் என்றால் ஆடுகிறவன் என்ன செய்வான்? கூட வந்தவன் பையிலேயே கையை விடுவான். ஏன்டா என்றால், 'என் கிளாஸ் அதான்' என்பான். பெயர் ஆளை இழுத்துக்கொண்டு போகும். 2000-ல் 'ரோக்' என்று மாற்றினார்கள். அதன் பிறகு அவன் திருடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெயரில் இல்லை.

'கள்வன்' என்றான் அக்கா மகன், வேகமாக. பெயர் நன்றாக இருக்கிறது, இலக்கியமாகவும் இருக்கிறது. பேங்க் தம்பி தென்மாவட்டத்துக்காரர். வேலூருக்கு மாற்றலாகி வந்தவர். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எங்க தாத்தா காலத்துல, ராத்திரியானா ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் போலீஸ் கொட்டடியில போய்ப் படுக்கணும்னு சொல்லுவாங்க. ரேகைச் சட்டம்."

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரன் 1871-ல் ஒரு சட்டம் போட்டான். குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சமூகத்தை மொத்தமாகக் குற்றவாளி என்று அறிவித்துவிடலாம். நீ திருடினாயா என்ற கேள்வி இல்லை. நீ யாருக்குப் பிறந்தாய் என்பதுதான் கேள்வி. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை கொடு, ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ. 1920 ஏப்ரல் 3-ம் தேதி மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் போட்டு ஜனங்களுக்கு 'கிளாஸ்' எழுதின விளையாட்டு இது. பகடையைக் கூட உருட்ட விடவில்லை.

மாடியில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கடைக்காரன், "சாரி ப்ரோ" என்றான். "அட, விடுப்பா. போக்கிரின்னு வெய்யி. விஜய் படம்" என்றார் பேங்க் தம்பி. வைத்தோம். 'ஒற்றன்' என்று நான் ஒரு யோசனை சொன்னேன். வள்ளுவரே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறார். அதற்கு இரண்டு ஓட்டு. போக்கிரிக்கு மூன்று. திருவள்ளுவர் தோற்றார்.

சண்டைக்காரனுக்கு 'மறவன்' கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். 'சிப்பாய்' என்றால் வேலூர்க்காரனுக்குக் கோட்டை ஞாபகம் வரும். 1806 ஜூலை 10. கலகத்துக்கு உடனடிக் காரணம் என்ன? சிப்பாய்கள் நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி வைக்கக் கூடாது, தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. 'பெயர் அதேதான், ஆனால் ஆளை மாற்றிக்கொள்' என்றார்கள். எங்களுடைய ஷூ கம்பெனி தம்பி, "அந்தக் குஞ்சத்தையும் எவனாவது தோல் பதம் பண்ணிக் குடுத்திருப்பான் இல்ல?" என்றார். சரித்திரப் புத்தகங்களில் நான் அவனைத் தேடியதில்லை.

பேச்சு பாணனுக்குத் தாவியது. 'பார்ட்' என்று ஒரு வகை 1976-ல் வந்தது. பாட்டுப் பாடியே கூட்டாளிகளுக்குத் தைரியம் கொடுப்பவன். இதில் நம்மை யாரும் அசைக்க முடியாது. யாழின் அளவைப் பார்த்துச் சிறுபாணர், பெரும்பாணர் என்று இரண்டு பிரிவே வைத்திருந்தோம். ஆளுக்கு ஓர் ஆற்றுப்படை. அதில் பெரும்பாணர் கச்சிக்கு, இளந்திரையனிடம், வழிகாட்டப்பட்டுப் போகிறவர். கச்சி என்றால் காஞ்சிபுரம். நம்ம பக்கத்து ஊர்தான்.

புறநானூற்றின் 335-ம் பாட்டில் மாங்குடி கிழார் நாலே நாலு குடிகளைச் சொல்கிறார். அதில் துடி அடிப்பவர் இருக்கிறார், பாணர் இருக்கிறார், பறை அடிப்பவர் இருக்கிறார், கடம்பர் இருக்கிறார். நாலில் மூன்று பேருக்கு இசைதான் அடையாளம். பெருமையாகச் சொல்லப்பட்ட பட்டியல் அது. அந்தப் பறை என்ன ஆயிற்று? வாத்தியத்தின் பெயர் வாசிப்பவருக்கு வந்தது. வாசிப்பவரின் பெயர் அவர் பேரனுக்கும், வாசிக்கவே தெரியாத கொள்ளுப்பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு கப்பலேறி ஆங்கில அகராதிக்குள் போய், 'ஊரால் ஒதுக்கப்பட்டவன்' என்ற அர்த்தத்தில் உட்கார்ந்துகொண்டது. சதுரங்கத்தில் நம் மந்திரி கப்பலேறி ராணியானார், யானை போய் பிஷப் ஆனது. பெயர்களுக்குப் பயணத்தில் பிரமோஷனும் கிடைக்கிறது, இப்படியும் நடக்கிறது.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றார் ஷூ கம்பெனி தம்பி. "இந்த கேம்ல போக்கிரி போட்டுக்கறது லெதர் ஆர்மர்."

"ஆமா. தொடக்கத்துல அவன் அத மட்டுந்தான் போடலாம்னு விதியே உண்டு."

"பாணனும் லெதர் போடலாம். பூட்ஸு லெதர், பெல்ட்டு லெதர், கத்தி உறையும் லெதர். அத தெக்கிறவன் எங்க சார்? பன்னண்டு பேர்ல அவனக் காணோமே? கண்டுபுடிச்சவரே ஷூ தெச்சவர்ன்றீங்க."

யாரிடமும் பதில் இல்லை. 'ஆர்ட்டிபிசர்' என்று பொருள் செய்பவன் ஒருவன் 2019-ல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் இருக்கிறான். ஆனால் 2024-ன் மூலப் புத்தகத்துப் பன்னிரண்டில் அவன் கிடையாது. வியாபாரியும் கிடையாது என்று அக்கா மகனுக்கு ஒரு குறை. அதற்கு ஜப்பான்காரன் பரவாயில்லை. 1988-ல் வந்த டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ கேமின் மூன்றாம் பாகத்தில் வியாபாரி ஒரு தனி வகை. அதில் 'வெட்டியாய்த் திரிபவன்' என்றும் ஒரு வகை உண்டு. சண்டை நடக்கும்போது ஜோக் அடித்துக்கொண்டிருப்பான். இருபதாம் படி வரை பொறுமையாக அவனை வைத்துச் சோறு போட்டால், நேராக ஞானியாகிவிடலாம். மற்றவர்கள் ஞானியாக அபூர்வப் புத்தகம் ஒன்று வேண்டும். இவனுக்கு அதுவும் வேண்டாம். இதைச் சொன்னதும் நாலு பேரும் என்னைப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"பதிமூணாவதா ஒண்ணு சேப்போம்" என்றான் கடைக்காரன். "தோல் தெக்கிறவரு. பேரு சொல்லு மாமா."

இங்கேதான் நிஜமாகவே திணறினேன். தமிழில் தோல் தைக்கிறவருக்கு ஊர் வழக்கில் இருக்கிற பெயர்கள் எதையும் அந்தத் தம்பியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. அவை வேலையைச் சொல்லவில்லை, வசையாகவே ஆகிவிட்டன. 'தோல் தொழிலாளர்' என்றால் யூனியன் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. 'லெதர் டெக்னாலஜிஸ்ட்' என்றால் கல்யாணப் பத்திரிகை. யோசித்து யோசித்து, சிலப்பதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கம். கடைத்தெரு. அதாவது அந்தக் காலத்து லாங் பஜார். இளங்கோவடிகள் ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பொற்கொல்லர், தச்சர் எல்லாரும் வருகிறார்கள். அந்த வரிசையில் துணி தைப்பவருக்குத் துன்னகாரர் என்று பெயர். அடுத்தே தோல் தைப்பவர்: துன்னர். துன்னுதல் என்றால் தைத்தல். துன்னூசி என்றால் தையல் ஊசி. துணி தைத்தாலும் துன்னுதல்தான், தோல் தைத்தாலும் துன்னுதல்தான். பக்கத்துப் பக்கத்துக் கடை, ஒரே வினைச்சொல். ஒருவரை உயர்த்தி, ஒருவரைத் தாழ்த்தி அங்கே எழுதவில்லை.

"துன்னர்" என்றேன்.

"துன்றவரா?" என்றான் அக்கா மகன். வேலூர்க்காரனிடம் போய் துன்னு என்றால் அவனுக்குச் சாப்பாடுதான் ஞாபகம் வரும். 'துன்டியா?' என்று கேட்டு வளர்ந்த ஊர். "ஆம்பூருல இருந்து வர்றவருக்குத் துன்னர்னு பேரு வெச்சா, ப்ரோ, பிரியாணி கேப்பாங்க!"

அரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, மிளகாய் மூட்டை அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். முதலில் சிரித்தது ஷூ கம்பெனி தம்பிதான்.

"இருக்கட்டும் சார். துன்னன். நல்லாத்தான் இருக்கு. தெக்கவும் செய்வான், துன்னவும் செய்வான்."

படிவத்தை முன்னால் இழுத்து வைத்து 'வகுப்பு' என்ற கட்டத்தருகே பென்சிலைக் கொண்டு போனவர் நின்றார். "இந்த வார்த்தைய மாத்திடலாம் சார். இதுல எழுத கை வரல."

'தொழில்' என்றார் பேங்க் தம்பி. 'குலத்தொழில்' என்று யாராவது கிண்டல் செய்வார்கள் என்று அடிக்கப்பட்டது. 'பிரிவு' என்றார் லேப் தம்பி. ஸ்கூல் அட்டென்டன்ஸ் மாதிரி இருக்கிறது என்று அதுவும் போயிற்று. கடைசியில் பதில் வடாற்காட்டு மண்ணிலேயே கிடந்தது. தெருக்கூத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கிற கூத்தில் ஒருவர் துரியோதனன், ஒருவர் திரௌபதி, ஒருவர் கட்டியங்காரன். வீரவேஷத்துக்கு மரக்கட்டையில் கிரீடமும் தோள்கட்டையும் செய்து கட்டுவதால் அதற்குக் கட்டை வேஷம் என்று பெயர். திரைக்குப் பின்னாலிருந்து வந்து, 'நான் இன்னார்' என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு ஆட வேண்டும். விடிந்ததும் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும்.

"வேஷம்" என்றான் அக்கா மகன். "அவ்ளோதான் மாமா. என்ன வகுப்புன்னு கேக்கக் கூடாது. என்ன வேஷம்?"

ஐந்து படிவத்திலும் வகுப்பை அடித்து வேஷம் என்று எழுதினார்கள். (ஐந்தாவது எனக்கு. வெட்டியாய்த் திரிபவன் என்று எனக்கு முன்பே பூர்த்தி செய்திருந்தார்கள்.) கதை சொல்கிறவனுக்குக் கட்டியங்காரன் என்று பெயர் தானாக வந்தது. 'இனம்' கட்டத்துக்கு 'ஊர்' என்று போடலாம் என்றார் பேங்க் தம்பி. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டே அதையும் கண்டுபிடிக்கிற ஆட்கள் என் ஆபீஸில் இருக்கிறார்கள் என்றேன். அதைக் காலியாக விட்டார்கள். மீதி எட்டுப் பெயர்கள் அடுத்த ஞாயிறு. பாலடின் என்று ஒருவன் இருக்கிறான், சார்லமேனின் அரண்மனை வீரர்கள் வழி வந்த பெயர். அவனுக்குத் தமிழில் யோசித்தாலே தலை சுற்றுகிறது.

அஞ்சரை மணிக்கு ஆட்டம் தொடங்கிற்று. அக்கா மகன் கட்டியங்காரன். குரலை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தான்.

"கோட்டை. அகழியில முதலை. சுவரேறி உள்ள வந்துட்டீங்க. சித்தருக்குக் கால்ல அடி. போக்கிரியோட தோல் கவசம் கிழிஞ்சி தொங்குது. தூரத்துல வெளக்கு வெளிச்சம் தெரியுது, காவக்காரன் வர்றான். துன்னன் இன்னா பண்றாரு?"

ஆம்பூர்த் தம்பி காலை மடக்கி உட்கார்ந்தார். "வெளக்கு கிட்ட வர்றதுக்குள்ள போக்கிரியோட கவசத்தத் தெச்சிக் குடுக்கறேன்."

"பகடைய உருட்டு."

உருட்டினார். மிளகாய் மூட்டையில் முட்டி, என் கால் பக்கமாக வந்து நின்றது. மூன்று.

"ஊசி கையில குத்திடுச்சு" என்றான் கட்டியங்காரன், கொஞ்சம் கூட இரக்கமில்லாமல்.

"காம்பவுண்டர்!" என்று நாலு பேரும் கத்தினார்கள். கீழே கடைவாசலில் நின்றிருந்த யாரோ ஒரு பெரியவர், என்னவோ ஏதோ என்று படியேறி வந்துவிட்டார்.